இரோக்குவா வீட்டு உரல்

1

போன சனிக்கிழமை என் மகள் தர்சினி தலையின் இரண்டு பக்கத்தையும் மழித்துவிட்டு, நடுவில் மட்டும் ஒரு வரிசை மயிரை நட்டமாக நிறுத்தி வைத்துக்கொண்டு வந்து குசினி வாசலில் நின்றாள். பதினாறு வயது. நான் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி வளர்த்த தலைமயிர் முழுக்க எங்கோ ஒரு சலூன் குப்பைவாளியில் கிடக்கிறது. கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் எறிந்திருப்பேன்.

"இதென்னடி கோலம்?"

"இரோக்கேசன் வெட்டு அம்மா. என்ரை வகுப்பில மூண்டு பேர் வெட்டியிருக்கினம்."

ஜேர்மன்காரர் இந்தத் தலைவெட்டுக்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இரோக்கேசன் என்றால் வட அமெரிக்காவின் இரோக்குவா மக்கள். அங்கே காலங்காலமாக வாழ்ந்த ஒரு சனத்தின் பெயரை இங்கே சலூன்காரன் விலைப்பட்டியலில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறான்.

"இரோக்கேசன் எண்டா ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?"

"உங்களுக்குத் தெரியுமாக்கும்!" என்றவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் நினைவு வந்துவிட்டது. அந்தக் கதையில் அவளுக்கும் பங்குண்டு. பன்னிரண்டு வயதில் என்னுடைய பொய்யை நல்ல ஜேர்மன் மொழியில் எழுதித் தந்தவள் அவள்தான்.

நான்கு வருடமாக நான் இதை ஒருவருக்கும் எழுதவில்லை. ஊருக்குப் போடுகிற கடிதங்களில் "நாங்கள் எல்லோரும் சுகம்" என்று எழுதி முடித்துவிடுவேன். இந்த முறை முழுவதும் எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ நினைத்துக்கொள்ளுங்கள்.

2

அப்போது நான் பிராங்பேர்ட்டில் ஒரு நூதனசாலையில், அதாவது மியூசியத்தில், துப்புரவு வேலை செய்தேன். சம்பளம் தந்தது நூதனசாலை இல்லை, ஒரு துப்புரவுக் கம்பனி. விடிய ஐந்து மணி எஸ்-பான் ரயிலைப் பிடித்தால் ஆறு மணிக்கு வாளி கையில் இருக்கும். பத்து மணிக்குச் சனம் வரத் தொடங்க முதல் நாங்கள் இருந்த தடமே இருக்கக்கூடாது. வேலை சுத்தம் என்றால் வேலைக்காரி கண்ணில் படக்கூடாது, அதுதான் அங்கத்தைய சட்டம்.

அந்த வருட வசந்த காலத்தில் பெரிய மண்டபத்துக்குள் ஒரு வீட்டையே கட்டினார்கள். இரோக்குவா மக்களின் நீள்வீடு. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதே நீள்வீட்டுக்காரர் என்றுதானாம். கம்புகளை நட்டு, மேலே வளைத்துக் கட்டி, மரப்பட்டையால் போர்த்திய வீடு. நடுவால் ஒரு ஒழுங்கை. ஒழுங்கை நெடுக அடுப்புகள். ஒவ்வொரு அடுப்புக்கும் அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். சுவரோரம் படுக்கிற தட்டு, கூரையில் இருந்து பின்னித் தொங்கவிட்ட சோளப்பொத்திகள்.

அங்கே எழுதி ஒட்டியிருந்த விளக்கங்களை நிலம் துடைத்துத் துடைத்தே நான் வாசித்து முடித்தேன். விளங்காத சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் மகளிடம் கேட்பேன். அந்த வீடு பெண்களுடையதாம். தாய், அவளுடைய சகோதரிகள், அவர்களுடைய பெண்பிள்ளைகள், எல்லோரும் ஒரு வீட்டில். ஆண்பிள்ளை கலியாணம் செய்து மனைவி வீட்டுக்குப் போவான். பிள்ளைகள் தாயின் குலம். கரடிக் குலம், ஓநாய்க் குலம், ஆமைக் குலம் என்று. தோட்டமும் பெண்களுடையது. சோளம் நட்டு, அதில் அவரையைப் படரவிட்டு, அடியில் பூசணியை ஓடவிட்டு, மூன்றையும் மூன்று சகோதரிகள் என்று கூப்பிடுவார்கள். புருசன் சரிவராவிட்டால் அவனுடைய சாமானைக் கட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால் காணும், அவன் போய்விடவேண்டியதுதான்.

இந்த விளக்கங்களை ஒட்டிக்கொண்டிருந்த நூதனசாலைப் பெடியன், பெண்களுக்குச் சொந்தமான வீடு என்பதைப் பெரிய புதினமாக எனக்குச் சொன்னான். எனக்கு அதில் என்ன புதினம்? யாழ்ப்பாணத்தில் நான் இருந்தது அம்மாவின் சீதன வீடு. பிறகு அது என் சீதன வீடு. இவர், அதாவது என் கணவர், ஒரு சூட்கேசோடு என் வீட்டுக்கு வந்தவர்தான். சண்டை வந்தால் "ஆரின்ரை வீட்டில நிண்டு கத்திறியள்?" என்று ஒரு கேள்வி கேட்பேன். சண்டை அதோடு முடிந்துவிடும். இங்கே வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், கதவு மணியில் அவர் பெயர். அந்த ஆயுதம் என் கையைவிட்டுப் போய்விட்டது. தொண்ணூறில் ஆமி முன்னுக்கு வந்தபோது எங்கள் பக்கத்துச் சனமெல்லாம் எழும்பி ஓடியது. அந்த வீட்டில் இப்போது யார் சமைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமும் இல்லை.

3

என்னோடு ஜெயந்தி என்றொரு பிள்ளை வேலை செய்தாள். வவுனியாப் பக்கம். இருபத்தைந்து வயதிருக்கும், தனிய வந்தவள். தமிழ்க் கடையில் அழுதுகொண்டு நின்றவளைக் கண்டு, கதைத்து, கம்பனியில் சொல்லி வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். எனக்கு இருந்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீட்டுகிற விசா. அவளுக்கு இருந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டுகிற காகிதம். வேலை இருக்கிறது என்று காட்டினால்தான் அதுவும்.

நீள்வீட்டு மண்டபம் வேலைப் பட்டியலில் ஜெயந்தியின் பெயரில் இருந்தது. ஆனால் அதற்குள் ஆளுயரப் பொம்மைகளை முகம் பூசாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். முதல்நாளே அவள் வெளிறிப்போய் வந்தாள்.

"அக்கா, அதுகள் முகமில்லாமல் நிக்குதுகள். எனக்கு அங்க நிண்டு வேலை செய்ய ஏலாது."

அவள் எதையெல்லாம் கண்டுவிட்டு வந்தவளோ, நான் கேட்கவில்லை. "சரி பிள்ளை, நீ என்ரை மாடியைச் செய். நான் இதைப் பாக்கிறன்" என்றேன். மேற்பார்வையாளருக்குச் சொல்லவில்லை. இதற்கெல்லாம் போய் ஒரு ஆளைக் கேட்கிறதா என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் உள்ளே போக, நீள்வீட்டு வாசலில் புதிதாக ஒரு உரல் நின்றது. அசல் உரல்! மரக்குற்றியைக் குடைந்து செய்தது, என் இடுப்பளவு உயரம். உலக்கைக்கு இரண்டு முனையும் பருத்து, பிடிக்கிற இடம் ஒடுங்கி இருந்தது. எங்களுக்கு நெல் என்றால் அவர்களுக்குச் சோளம். அடுப்புச் சாம்பல் போட்டு அவித்து, கூடையில் அலசித் தோலைக் கழற்றி, பிறகு இடித்து மாவாக்குவார்களாம்.

உலக்கையை நடைபாதைக்குக் குறுக்கே நிலத்தில் போட்டிருந்தார்கள். உலக்கையைக் கடந்து நடக்கிற பழக்கம் எனக்கில்லை. எடுத்துச் சுவரோடு சாத்தினேன். பிறகு உரலுக்குள் எட்டிப் பார்த்தேன். ஐயோ! அடியில் நரைத்துக் கட்டிபட்ட பழைய மா. அதற்குமேல் சிலந்திவலை. வலைக்குள் செத்த அந்துப்பூச்சி. உரல் வாய் காய்ந்து வெடித்துப்போய் இருந்தது.

திறப்பு விழாவுக்குக் கனடாவில் இருந்து இரோக்குவாப் பெண்மணி ஒருத்தி வரப்போகிறா என்று எங்களுக்கு முதலே சொல்லியிருந்தார்கள். அந்த உரல் அவவின் ஊரில் இருந்து எப்பவோ வாங்கிக்கொண்டு வந்ததாம். என் மனதில் ஓடியது இவ்வளவுதான்: வீட்டுக்காரி வாறா. வந்து, தன்னுடைய சனத்தின் உரலை நாலு பேர் முன்னால் இந்தக் கோலத்தில் பார்த்தால் அவவுக்கு எப்படி இருக்கும்? ஊத்தை உரல் என்றால் எங்கள் ஊரில் அந்த வீட்டுப் பெண்ணைத்தானே பேசுவார்கள்.

கரண்டியால் சுரண்டினேன். ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தேன். காயவிட்டேன். நிலம் துடைக்கிற மருந்துத் தண்ணீரில் என் கை வெடித்துப் புண்ணாகி இருந்ததால் பைக்குள் ஒரு சின்னப் போத்தலில் எப்போதும் தேங்காயெண்ணெய் இருக்கும். அதை உரலுக்கு உள்ளும் புறமும் பூசி, வெடிப்புகளில் விரலால் தேய்த்துவிட்டேன். மரம் குடித்த குடியைப் பார்க்கவேண்டும்! அந்த வருடம் முழுவதிலும் நான் மனமொப்பிச் செய்த வேலை அந்த அரை மணித்தியாலம்தான்.

காட்சிப் பொருட்களைத் தொடமாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது நினைவுக்கே வரவில்லை. எனக்கு அது காட்சிப் பொருளாகத் தெரியவில்லை, உரலாகத்தான் தெரிந்தது.

4

புதன்கிழமை காலை எங்கள் இரண்டு பேரையும் நிலவறை அறைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் மேற்பார்வையாளர் ஹெர் குரூஸ இருந்தார். பக்கத்தில் பொருட்களுக்குப் பொறுப்பான ஃபிராவ் அல்பேர்ஸ். அந்த மனிசியின் கண் சிவந்திருந்தது. ஏதோ செத்தவீடாக்கும் என்று நான் நினைத்தேன்.

விசயம் மெல்ல மெல்ல விளங்கியது. உரலின் அடியில் இருந்த மா நூறு வருடத்துக்கு மேற்பட்டது. அந்தக் காலத்துச் சோளம் எப்படிப்பட்டது என்று சோதிக்க அதை எடுத்து அனுப்ப இருந்தார்கள். அந்த உரலிலேயே பெறுமதியான சாமான் நான் சுரண்டி எறிந்த அந்த ஊத்தைதான். எண்ணெய் மரத்துக்குள் போய்விட்டதாம், இனி எடுக்கவும் முடியாதாம்.

"இந்த மண்டபம் யாருடையது?" என்று ஹெர் குரூஸ பட்டியலைப் பார்த்தார். "ஜெயந்தி."

ஜெயந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் உள்ளே நின்றவள் என்று அவளுக்குத் தெரியும். நான் சொல்லுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் கந்தோரில் விசா நீட்ட ரெர்மீன், அதாவது வரச்சொல்லிக் குறித்துத் தந்த நேரம், இருந்தது. இவர் வேலை செய்த உணவகம் பூட்டி இரண்டு மாதம். என்னுடைய வேலைக் காகிதம் ஒன்றுதான் எங்கள் மூன்று பேரையும் இந்த நாட்டில் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காகிதம் இல்லாமல் செவ்வாய்க்கிழமை போய் நின்றால் என்ன நடக்கும் என்பதைத் தவிர வேறொன்றும் என் தலைக்குள் ஓடவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேரும் நடந்ததை எழுதிக் கொடுங்கள்" என்றார் ஹெர் குரூஸ.

வெளியே வந்ததும் ஜெயந்தி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

5

எங்கள் வீட்டில் ஜேர்மன் மொழியில் எழுதுகிற வேலை எல்லாம் தர்சினியுடையது. மின்சாரக் கணக்கு, வைத்தியர் காகிதம், விசா விண்ணப்பம், எல்லாம். வியாழக்கிழமை பின்னேரம் அவளைக் குசினி மேசையில் இருத்தினேன்.

"எழுது பிள்ளை. நான் அந்த உரலைத் தொடேல்லை."

எழுதினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் திங்கக்கிழமை அந்த மண்டபத்துக்குள்ள போகேல்லை. அதையும் எழுது."

"திங்கக்கிழமை வந்து உரலைப் பற்றிச் சொன்னனீங்கள் அம்மா. எண்ணெய் பூசினனெண்டு."

"எழுது."

"அது பொய்யெல்லோ?"

"எழுது எண்டா எழுது! செவ்வாய்க்கிழமை எங்களைத் திருப்பி அனுப்பினா நீதான் வந்து பதில் சொல்லுவியோ?" என்று கத்தினேன்.

பிள்ளை எழுதினாள். பள்ளிக்கூடத்தில் பழக்கின வடிவான எழுத்து. ஒரு பிழையில்லை. எழுதி முடித்து, பேனையை மூடி, "கையெழுத்து நீங்கள் வையுங்கோ" என்று தள்ளிவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் காகிதத்தை ஹெர் குரூஸவின் கையில் கொடுத்தேன். ஜெயந்தியும் கொடுத்தாள். அவளுடையதில் ஒரே வரி: நான் தொடவில்லை. மாறிச் செய்தோம் என்றோ, என் பெயரையோ அவள் எழுதவில்லை. மத்தியானமே அவளை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

6

சனிக்கிழமை காலை அந்தப் பெண்மணி வந்தா. ஆக்னஸ் என்று பெயர். அறுபது வயதிருக்கும். கட்டையான, பலத்த உடம்பு. நரைத்த மயிரை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தா. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் ஒரு ஆற்றங்கரை அவவின் ஊராம். முதல்நாள் விமான நிலையத்தில் நாலு மணித்தியாலம் பிடித்து வைத்திருந்தார்கள் என்று எல்லோரும் கதைத்தார்கள். அவவின் சனம் தாங்களே பாஸ்போர்ட் அடித்து வைத்திருக்கிறதாம், அதைத்தான் நீட்டியிருக்கிறா. கனடாப் பாஸ்போர்ட் எடுத்தால் சோலி இல்லை, ஆனால் எடுக்கமாட்டாவாம். நானோ ஒரு விசா முத்திரைக்காக ஒரு பிள்ளையின் வேலையை விற்றுப்போட்டு நின்றேன்.

ஃபிராவ் அல்பேர்ஸ் அவவைக் கூட்டிப்போய் உரலைக் காட்டி மன்னிப்புக் கேட்டதை மண்டப வாசலில் நின்று கண்டேன். அவ கையை உரலுக்குள் விட்டு அடியைத் தடவினா. கையை மணந்து பார்த்தா. நான் வாளியை எடுத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு மாறினேன்.

கொஞ்ச நேரத்தில் துடைப்பம் வைக்கிற சின்ன அறைக்கு அவ தனிய வந்தா. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் உண்டு. அவ இங்கிலீஷில் சொன்னதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நீங்கள் வாசலால போகேக்க ஒரு மணம் வந்தது. அதே மணம் உரலுக்குள்ளயும் இருக்கு. உதென்ன?"

"தேங்காயெண்ணெய்" என்றேன்.

"நாங்கள் அந்தக் காலத்தில கரடி நெய்யும் சூரியகாந்தி எண்ணெயும் பாவிச்சனாங்கள். தேங்காய் எங்கட ஆற்றங்கரையில வராது." அவ சிரித்தா. "ஏன் கழுவினனீங்கள்?"

"நீங்கள் வாறியள் எண்டு."

"எங்கட பெண்டுகள் ஒருத்தரும் உரலை அப்பிடி ஊத்தையா விடமாட்டினம். வாங்கினவன் கழுவாமல் கொண்டுவந்திட்டான். நூறு வருசமா இவையள் அந்த ஊத்தையைக் காவல் காத்திருக்கினம்" என்றா.

அப்பாடா, தப்பினேன் என்று நினைத்தேன். அப்போதுதான் கேட்டா: "அப்ப நீங்கள்தானோ ஜெயந்தி? உங்களை நிப்பாட்டினதெண்டு சொன்னவை."

இல்லை என்று தலையாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டியல், ரெர்மீன், மகளைக் கொண்டு எழுதுவித்த கடிதம், எல்லாவற்றையும் உடைந்த இங்கிலீஷில் கொட்டினேன். அவவின் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் குந்தினா.

"அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன முறை?"

"முறை ஒண்டுமில்லை. நான்தான் வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"கூட்டிக்கொண்டு வந்தா நீங்கள்தானே அவவுக்குப் பெரியவ."

"அம்மா, நீங்கள் சொன்னா இவையள் கேப்பினம். நீங்களே ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்று கெஞ்சினேன்.

"உரலைப் பற்றி நான் சொல்லுவன். அது என்ரை ஆக்களின்ரை. பொய்யைப் பற்றி நான் சொல்ல ஏலாது. அது உங்கட."

பிறகு அவ சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "எங்கட ஆக்களுக்குள்ள தலைவனைத் தெரிஞ்செடுக்கிறது குலத்துத் தாய். அவன் பிழைவிட்டா அவதான் போய்ச் சொல்லுவா. திருந்தாட்டில் ரண்டாம் தரம் சொல்லுவா. மூண்டாம் தரமும் கேக்காட்டில்தான் பதவியைப் பறிக்கிறது. சொல்லாமல் ஒருத்தரையும் விழுத்திறேல்லை. உங்களுக்கு நான் இப்ப ஒருதரம் சொல்லிப்போட்டன். நாளைக்கு விழா முடிய எனக்குப் பிளேன். மிச்ச ரண்டு தரமும் வந்து சொல்ல உங்களுக்கு இங்க ஆர் இருக்கினம்?"

அவ எழும்பி, என் வெடித்த கையை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுப் போனா.

7

அன்று பின்னேரமே ஜெயந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிக்க வந்தாளாக்கும் என்று பார்த்தால், கையில் கம்பனிக் கடிதம். அவளுக்கு அவ்வளவு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்துத் தமிழ்ச்சனம் எல்லோரும் கடிதம் வந்தால் தர்சினியிடம்தான் கொண்டுவருவார்கள். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

தர்சினி வாசித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். "எழுத்தில் உண்மைக்கு மாறாகச் சொன்னதால்..." என்ற இடத்தில் பிள்ளை நிறுத்தினாள். திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கம்பனிக் கந்தோருக்கு வந்து கையெழுத்து வைக்கவேண்டும், வைத்தால் அதோடு வேலை முடிந்தது.

"சரி, நான் போட்டு வாறன் அக்கா" என்று ஜெயந்தி எழும்பினாள். தேத்தண்ணி போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை இவரிடம் சொன்னேன். இவர் பதறிப்போனார். "இஞ்சேரும், விசர்க்கதை கதையாதையும். செவ்வாய்க்கிழமை முடியட்டும். புதன்கிழமை போய் ஆயிரம் தரம் சொல்லும். ஆர் மறிக்கிறது?"

அவர் சொன்னதில் பிழை காண எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கென்று வேறு என்ன இருந்தது? ஓம், புதன்கிழமை சொல்லலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அப்போது அறைக்குள் இருந்து தர்சினி, "புதன்கிழமை ஜெயந்தி அன்ரி கையெழுத்து வைச்சு முடிஞ்சிடும்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் பிழை காட்டுகிற குரலில் சொன்னாள். இவர் அவளைப் பேசினார். எனக்கு மட்டும் இரண்டாம் தரம் யாரோ வந்து சொன்னதுபோல இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கக் கம்பனிக் கந்தோர்ப் படியில் ஏறினேன். இவருக்குச் சொல்லவில்லை. மகளைக் கூட்டிப்போகவில்லை. ஜெயந்தி கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். அவளைக் கடந்துபோய் ஹெர் குரூஸவின் கதவைத் தட்டினேன். வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்த ஜேர்மன் வசனம் எல்லாம் வாசலில் பறந்துவிட்டது.

"நான் செய்தேன். அவள் இல்லை. என் கடிதம் பொய்." இதுதான் என் வாயில் வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை.

"உரல் விசயத்தை நூதனசாலை விட்டுவிட்டது. அந்தக் கனடாப் பெண்மணி சொல்லியிருக்கிறார். போன புதன்கிழமையே நீங்கள் சொல்லியிருந்தால் எழுத்தில் ஒரு எச்சரிக்கை தந்திருப்பேன். அவ்வளவுதான்" என்றார். "நாங்கள் ஆளை நிறுத்துவது உரலுக்காக இல்லை. பொய்க்காக."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளையைக் கொண்டு எழுதுவித்த அந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நடந்திராது. ஜெயந்தியை நிறுத்துகிற கடிதத்தை அவர் என் கண் முன்னால் கிழித்தார். பிறகு என் பெயரில் அதேபோல ஒரு கடிதம் ரைப் அடித்தார். நான் கையெழுத்து வைத்தேன்.

8

செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் கந்தோரில் மூன்று மாதம்தான் தந்தார்கள். இரண்டு வருட விசா வைத்திருந்த குடும்பம் மூன்று மாதத்துக்கு இறங்கியது. இவர் என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கியபோதும் "உமக்கு ஏன் உந்த உரல் கழுவுற வேலை?" என்றுதான் தொடங்கினார். அந்த மூன்று மாதமும் தபால்காரனின் சத்தம் கேட்டாலே படியிறங்கி ஓடிப்போய்க் கடிதப்பெட்டியைத் திறந்து பார்ப்பேன். பிறகு ஒரு ஆஸ்பத்திரிச் சலவைச்சாலையில் இடம் கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான்.

ஜெயந்தி திரும்ப நூதனசாலைக்குப் போனாள். இரண்டு கிழமை கழித்து ஒருநாள் பின்னேரம் வந்தாள். இந்த முறை கையில் கடிதம் ஒன்றும் இல்லை. குசினிக் கதிரையில் இருந்தாள். தேத்தண்ணியை முன்னால் வைத்தேன், தொடவில்லை. தர்சினி மேசையின் மறுகரையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? எனக்காகவோ போய்ச் சொன்னனீங்கள்?"

ஓம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன், எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். தர்சினியின் பேனை நின்றுவிட்டது.

"இல்லை பிள்ளை" என்றேன். "உனக்காக எண்டா, அண்டைக்கு நீ அந்தக் காயிதத்தோட இதே கதிரையில இருக்கேக்கயே சொல்லியிருப்பன். அந்தக் கனடா மனிசி கேட்ட கேள்வியைத் தாங்கேலாமல் போய்ச் சொன்னனான்."



"எனக்கு இன்னும் உங்களை மன்னிக்க ஏலாமல் கிடக்கு அக்கா" என்றாள். "ஆனா இனி நீங்கள் சொல்லுறதை நம்புவன்."

பிறகு ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து, முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழும்பினாள்.